செந்தலைத் தவுக்கே மாயம்

ஒரு ஓணானின் விலை எண்பதாயிரம் வெள்ளி.

ரஞ்சிதம் இந்தத் தொகையைச் சொன்னபோது துப்பறியும் முத்துராமனின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவர் தேக்கா கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் மகனாகப் பிறந்தவர். முதல் விலையைக் கேட்டு முகம் மாறினால் கடைசி விலை தன் தலையில் ஏறும் என்று பால் குடிக்கும் வயதிலேயே பழகியவர். அவருடைய உதவியாளர் ஷமீமாவுக்கு அந்தப் பயிற்சி கிடையாது. குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீர் அவள் மூக்கு வழியாக வந்தது.

“எண்பதாயிரமா? அக்கா, அந்தக் காசுக்கு இந்த ஊர்ல கார் வச்சுக்கிற பர்மிட்டே எடுத்துடலாம். உங்க ஓணானுக்குச் சக்கரம் இருக்கா?”

“யாரும் இன்னும் விலை கேக்கலை. கேட்டா நான் சொல்ற விலை அது,” என்றார் ரஞ்சிதம். கழுத்தில் மூன்று சங்கிலி, கையில் மல்லிகை வாசம், கேம்பல் லேனில் இருபத்திரண்டு வருடப் பூக்கடை. நாற்காலியில் உட்காரும்போதே அதன் விலையைக் கணக்குப் போட்டுவிட்டவர் போலத் தெரிந்தது.

“ஓணானுக்குப் பேர் உண்டா?” என்றார் முத்துராமன்.

“தவுக்கே.”

கடைத்தெருவில் பெரிய முதலாளியை அப்படித்தான் அழைப்பார்கள். பெயர் தானாக அமைந்ததாம். ரஞ்சிதத்தின் கடை வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. தொட்டியில் நட்ட மூங்கில் குச்சியின் உச்சியில் இரண்டு வருடமாக ஓர் ஓணான். குங்குமத்தில் முக்கி எடுத்தது போலச் சிவந்த தலை, தொண்டையின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு. எந்நேரமும் முன்னங்கால்களை ஊன்றித் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். கடன் கேட்டு வந்தவனிடம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொல்லும் முதலாளியின் அதே ஆட்டம்.

போன வருடம் ஓய்வுபெற்ற டாக்சிக்காரர் ஒருவர் அந்த ஆட்டத்தை எண்ணினார். ஏழு, மூன்று, மூன்று, ஒன்பது. நான்கு இலக்கத்தையும் நம்பர் லாட்டரிக் கடையில் எழுதினார். விழுந்தது. அன்று முதல் கேம்பல் லேனில் பூ விற்பனை மூன்று மடங்கு. ஒரு முழம் வாங்கினால் நான்கு முறை எண்ணிக்கொள்ளலாம். வாங்காமல் எண்ணினால் பலிக்காது. இந்த இரண்டாவது விதியைத் தெய்வம் சொன்னதா, ரஞ்சிதம் சொன்னாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

“வியாழக்கிழமை மத்தியானம் பாக்குறேன், செந்தலையைக் காணோம். அதே குச்சியில காஞ்ச சுள்ளி மாதிரி ஒரு பழுப்பு ஓணான். தலையாட்டவே மாட்டேங்குது. அசலைத் தூக்கிட்டு டூப்ளிகேட்டை வச்சுட்டான்.”

“யாரு?”

“குமரன். ஆறு வருஷமா என் கடையில பூக் கட்டுறான். அவன் பெட்டிக்குப் பின்னாடி ஒரு டப்பாவைப் பாத்தேன். மூடியெல்லாம் ஓட்டை. உயிரோட எதையோ கடத்துறவனுக்குத்தானே ஓட்டை வேணும்?”

ரஞ்சிதம் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். குமரனின் வேலை அனுமதியை ரத்துசெய்யும் படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. கீழே ஒரு பொத்தான் மட்டும் பாக்கி.

“இன்னைக்கு ராத்திரி திருச்சி பிளைட்ல டிக்கெட்டும் போட்டுட்டேன். அஞ்சே முக்காலுக்கு அவன் சாங்கி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும். அதுக்குள்ள தவுக்கே வந்தா இதை அமுக்க மாட்டேன். வரலைன்னா அமுக்கிட்டுத்தான் மறுவேலை.”

“போலீஸ்ல சொல்லலையா?”

“காட்டு ஜீவனை வச்சு ஏன்மா வியாபாரம் பண்ணேன்னு முதல்ல என்னைத்தானே கேப்பான்?”

முத்துராமன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. “கூலி ஐந்நூறு,” என்றார்.

“இருநூறு.”

“வழியில பேசிக்கலாம்,” என்று எழுந்தார்.

கேம்பல் லேன் சனிக்கிழமைக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சிதத்தின் கடை முகப்பில் முதலில் கண்ணில் பட்டது பூ அல்ல, ஒரு திருஷ்டிப் பொம்மை. சோற்றுப் பானை அளவு முகம். ரத்தச் சிவப்பு. இரு கன்னத்திலும் கரியப்பிய மாதிரி மீசை. ஸ்ப்ரிங்கில் தொங்கிய அது மின்விசிறிக் காற்றில் ஓயாமல் மேலும் கீழும் குதித்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள்,” என்றாள் ஷமீமா அதைப் பார்த்து. “பாஸ், என்னைப் பொண்ணு பாக்க வந்தாரே, பையனோட வாப்பா, அச்சு இவரேதான்.”

“புதுசு,” என்றார் ரஞ்சிதம் பெருமையாக. “எதிர்க்கடை ரத்னவேல் முப்பத்தெட்டு சொன்னான். இருபத்திரண்டுக்கு முடிச்சேன். ஸ்ப்ரிங் கொசுறு.”

பொம்மைக்கு இரண்டு முழம் தள்ளிக் கறிவேப்பிலைத் தொட்டி. குச்சியின் உச்சியில் அல்ல, அடியில், இலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பழுப்பு ஓணான். உடம்பில் சிவப்பு என்று சொல்ல ஒரு புள்ளி இல்லை. வருமான வரிக் கடிதம் வந்தவனின் உட்கார்வு.

குமரன் உள்ளே ஸ்டூலில் அமர்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்துநாலு வயது, அறந்தாங்கிப் பக்கம். பக்கத்தில் கட்டிவைத்த பயணப் பை. கண்ணில் நீர் நின்றது, விரல்கள் நிற்கவில்லை.

“அம்மா சொன்னது பொய்யில்லை சார், டப்பா என்னுதுதான்,” என்று அவனே எடுத்து நீட்டினான்.

ஷமீமா மூடியைத் திறந்தாள். ஆறு வெட்டுக்கிளிகள். அதில் ஒன்று அவள் துப்பட்டாவில் குடியேறியது.

“ஐயோ! பாஸ், கடத்தல்காரங்க வெளிய வந்துட்டாங்க லா!”

“காலையில ஃபேரர் பார்க் திடல்ல போயி புடிச்சாருவேன் சார்,” என்றான் குமரன். “ஊர்ல சின்ன வயசுல ஓணானைக் கண்டா கல்லெடுப்போம். எத்தனைய அடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. இங்க வந்து அதுக்குத் தீனி வச்சுக்கிட்டிருக்கேன். வியாழக்கிழமையிலேருந்து ஒண்ணையும் தொட மாட்டேங்குறாரு. அவருக்கு மனசு விட்டுப் போச்சு சார்.”

“யாருக்கு?”

“தவுக்கேக்குத்தான். இந்தா உக்காந்திருக்காருல்ல.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” ரஞ்சிதம் பாய்ந்தார். “டூப்ளிகேட்டை அசல்னு சாதிக்கிறான்!”

முத்துராமன் டப்பாவை வாங்கி மூடினார். மாற்றிவைத்தவன் ‘எனக்குத் தெரியாது’ என்பான். ‘வேறு யாரோ’ என்பான். ‘இது அதேதான், உடம்பு சரியில்லை’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் திருடனை அவர் இதுவரை சந்தித்ததில்லை.

அந்த நேரம் ஷமீமா அவர் முழங்கையைக் கிள்ளினாள். “பாஸ். எதிர்ல. மெதுவா திரும்புங்க.”

எதிர் வரிசையில் ரத்னவேலின் பூஜைச் சாமான் கடை. வாசலில் சாய்த்துவைத்த வாழைக்கன்றின்மேல், தலை செக்கச்செவேலென்று, ஓர் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. கீழே அட்டையில் எழுதியிருந்தது: ‘இங்கேயும் நம்பர் பார்க்கலாம். ஊதுவத்தி ஒரு பாக்கெட் கட்டாயம்.’

“கேஸ் முடிஞ்சுது,” என்றாள் ஷமீமா. “நாலு நிமிஷம். கூலி நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு பேசிடுவோமா?”

ரத்னவேல் தங்க பிரேம் கண்ணாடிக்கு மேலாக அவர்களை வரவேற்றார். “வாங்க, வாங்க. எத்தனை பாக்கெட்?”

“இந்த ஓணான் எப்ப வந்தது?” என்றார் முத்துராமன்.

“ஓணான் ரெண்டு மாசமா இங்கதான் சுத்திக்கிட்டிருக்கு. அழுக்குக் கலர்ல, யாரு கண்ணுலயும் படாம. நேத்துக் காலையில பாக்குறேன், திடீர்னு மாப்பிள்ளை மாதிரி சிவந்து நிக்குது. நான் கூப்பிடலை, சாயம் பூசலை. எல்லாம் விநாயகர் செயல்.”

“விநாயகர்தான் அட்டையிலயும் எழுதினாரா?” என்றாள் ஷமீமா.

“அது நான்.”

ஷமீமா தன் கைப்பேசியில் அந்தச் செந்தலையைப் படம் எடுத்து, ரஞ்சிதம் அனுப்பியிருந்த தவுக்கேயின் பழைய படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தலை ஒன்று, திமிர் ஒன்று. முத்துராமன் தலையைப் பார்க்கவில்லை. பழைய துணிக்கடைப் புத்தி: சேலையில் முந்தானையை எல்லோரும் பார்ப்பார்கள், கடைக்காரன் கரையைப் பார்ப்பான். அவர் வாலைப் பார்த்தார்.

பழைய படத்தில் தவுக்கேயின் வால் நுனியில் ஒரு விரல் நீளம் இல்லை. போன வருடம் கடையின் இரும்புக் கதவை இறக்கும்போது சிக்கியதாம். எதிரே வாழைக்கன்றின்மேல் இருந்ததற்கோ வால் சாட்டை மாதிரி முழுசாக நீண்டு, நுனி ஊதுவத்திப் பாக்கெட்டைத் தொட்டது.

“ஒட்டு வால் வச்சிருக்காரோ?” என்றாள் ஷமீமா, நம்பிக்கை குறைந்த குரலில்.

முத்துராமன் மறுபடி தெருவைக் கடந்து வந்து கறிவேப்பிலைத் தொட்டியின் முன் குனிந்தார். இலையை விலக்கினார். பழுப்பு ஓணானின் வாலில் ஒரு விரல் நீளம் இல்லை. வெட்டு ஆறிப்போன பழைய மொட்டை.

“அலாமா! டூப்ளிகேட்டுக்கும் வாலை வெட்டி வச்சிருக்கான் பாஸ்!”

“அதே அளவுல வெட்டி, அது ஒரு வருஷம் ஆறுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் கொண்டாந்து வச்சானா? அவ்வளவு பொறுமை இருக்கிறவன் வேற எங்கயாவது போய் நல்லாப் பொழைப்பான். இது தவுக்கேதான், ஷமீமா. ஓணான் எங்கேயும் போகலை. கலர்தான் போயிருக்கு.”

மணி நாலரை.

முத்துராமன் தன் அண்ணன் மகள் நிவேதிதாவுக்குப் போன் போட்டார். பல்கலைக்கழகத்தில் பல்லி, ஓணான், அரணை பற்றி ஆராய்ச்சி செய்பவள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் அம்மா ‘சயின்ஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

“சித்தப்பா, அந்தச் சிவப்பு சட்டை மாதிரி இல்லை, முகபாவம் மாதிரி,” என்றாள் நிவேதிதா. “‘இது என் ஏரியா, தைரியம் இருந்தா வா’ன்னு அர்த்தம். தலையாட்டுறதும் அதே சண்டைப் பேச்சுதான். இன்னொரு ஆண்கிட்ட தோத்துட்டான்னா கொஞ்ச நேரத்துலயே பழுப்பாயிடுவான். ‘அண்ணே, நான் ஒண்ணுமே இல்லை, விட்டுடுங்க’ன்னு அர்த்தம். அப்புறம் ஒதுங்கி, ஒளிஞ்சு, தலையாட்டாம இருப்பான். சரியா சாப்பிடக்கூட மாட்டான்.”

“எதிர்க்கடைக்காரன் சிவந்திருக்கானே?”

“இவன் அடங்கினது தெரிஞ்சதும் சிவந்திருப்பான். ஆபீஸ்ல மேனேஜர் மெடிக்கல் லீவுன்னா பக்கத்து சீட்டுக்காரர் குரல் தடிக்குமே, அது மாதிரி. அவன் ஜெயிக்கலை, சும்மா இடத்தைப் பிடிச்சிருக்கான்.”

“அப்ப இவன் யார்கிட்ட தோத்தான்?”

“இவனைவிட ரொம்பப் பெருசா ஒருத்தன். நல்ல சிவப்புத் தலை, ரெண்டு பக்கமும் கறுப்பு, ஓயாம மேலும் கீழும் ஆடுறவன். எவ்வளவு மிரட்டினாலும் பின்வாங்காதவன். பக்கத்துலதான் இருப்பான் சித்தப்பா, நல்லாத் தேடிப் பாருங்க.”

தேட வேண்டியிருக்கவில்லை. ஷமீமாவின் தலை தானாக மேலே திரும்பியது. ஸ்ப்ரிங்கில் குதித்துக்கொண்டிருந்த அங்கிள் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

“இந்தப் பொம்மையை எப்ப மாட்டினீங்க?” என்று கேட்டார் முத்துராமன்.

“புதன்கிழமை சாயங்காலம்,” என்றார் ரஞ்சிதம். “செவ்வாய்க்கிழமை ஒருத்தனுக்கு நம்பர் விழுந்துச்சு. அடுத்த நாள் கூட்டமான கூட்டம். ஒரு பொம்பளை வந்து ‘அடேயப்பா, என்ன கலரு!’ன்னு வாயைப் பிளந்தா. தவுக்கேக்குக் கண்ணு பட்டுடக் கூடாதேன்னு அன்னைக்கே வாங்கி, அது பக்கத்துலயே மாட்டினேன்.”

“மாட்டினது நீங்கதானே? குமரன் இல்லையே?”

“என் கையால. ஏன்?”

“புதன் சாயங்காலத்துலேருந்து வியாழன் மத்தியானம் வரைக்கும் தவுக்கே இதுகூடத்தான் சண்டை போட்டிருக்கு. அது தலையாட்டும், இதுவும் ஆட்டும். அது களைச்சு நிக்கும், இது நிக்காது. கடைசியில தோல்வியை ஒத்துக்கிட்டுக் கீழே இறங்கிடுச்சு.”

ரஞ்சிதம் சிரித்தார். “நல்ல கதையா இருக்கே. வெறும் பொம்மைக்குப் போயி ஓணான் பயப்படுமா?”

“நீங்க எதுக்குக்கா மாட்டினீங்க?” என்றாள் ஷமீமா.

“பாக்குறவங்க பயப்படத்தான்.”

“பயந்துடுச்சு.”

ரஞ்சிதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் இருபத்திரண்டு வருட வியாபாரி ஒரு வாதத்தில் விழமாட்டார். “சும்மா ஆடாம தொங்கவிட்டிருந்தா?” என்றார் மெல்ல.

“அப்ப ஒரு நாள்ல பழகியிருக்கலாம். ஆடினதாலதான் உயிருள்ளதுன்னு நினைச்சுது.”

“ஸ்ப்ரிங்,” என்றாள் ஷமீமா. “கொசுறு.”

ரஞ்சிதம் கைப்பேசியை இறுகப் பிடித்தார். “வாயால சொன்னா நம்ப மாட்டேன். எனக்குச் செந்தலை வேணும். மணி அஞ்சு பத்து.”

முத்துராமன் பொம்மையைக் கழற்றினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இலைக்குள் பழுப்பு பழுப்பாகவே இருந்தது. குமரன் பயணப் பையின் வாரைச் சரிசெய்தான்.

“எடுத்தா மட்டும் பத்தாது,” என்றார் முத்துராமன் திடீரென்று. “போனவன் திரும்பி வருவான்னு பயந்துக்கிட்டிருக்கும். அது கண்ணு முன்னாலயே பொம்மை தோக்கணும். ஷமீமா, பொம்மையைத் தூக்கு.”

“என் சர்டிபிகேட்ல எந்த இடத்துலயும் இது இல்லை பாஸ்.”

“குனி. ஓணானைவிடத் தாழ்வா பிடி. ஆட்டாதே.”

ஷமீமா பூ வாளிகளுக்கு இடையே குந்தி உட்கார்ந்தாள். பொம்மையின் முகம் மட்டும் வாளிக்கு மேலே எட்டிப் பார்த்தது. குமரன் ஒரு வெட்டுக்கிளியைக் குச்சியின் நடுவில் விட்டான். ஓணான் ஒற்றைக் கண்ணை உருட்டி வெட்டுக்கிளியைப் பார்த்தது. மற்றக் கண்ணால் பொம்மையைப் பார்த்தது. பொம்மை ஆடவில்லை. ஓணான் குச்சியில் ஒரு சாண் ஏறியது. தலையை ஒரே ஒரு முறை, சந்தேகமாக, ஆட்டியது.

“பின்வாங்கு!” என்றார் முத்துராமன்.

ஷமீமா குந்தியபடியே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“பயந்த மாதிரி போ!”

“பொம்மைக்கு முகம் மாறாது பாஸ்!”

“உன் முகம் மாறட்டும்!”

ஓணான் இரண்டு முறை ஆட்டியது. ஷமீமா ‘ஐயோ, அம்மா’ என்று பொம்மையின் சார்பில் அலறிக்கொண்டு இன்னும் இரண்டடி போனாள். ஜெர்மன் சுற்றுலாக்காரர்கள் இருவர் இதைக் கோயில் சடங்கு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். ஓணான் வெட்டுக்கிளியை ஒரு வாய் கவ்வி, குச்சியின் உச்சிக்கு ஏறி, முன்னங்கால்களை ஊன்றியது. மூன்று. நான்கு. ஐந்து. ஷமீமா பொம்மையைக் கவிழ்த்துப்போட்டு, மரிக்கொழுந்து வாளிக்குப் பின்னால் தானும் விழுந்தாள்.

முதலில் தொண்டையில் ஒரு மஞ்சள் கோடு வந்தது. பிறகு கன்னத்தில் ஆரஞ்சு. பிறகு கறுப்புத் திட்டு இரண்டும் பொட்டு வைத்தது போல எழுந்தன. கண்ணெதிரே, எண்ணெய்ச் சட்டியில் வடை சிவப்பது போல, தலை முழுக்கச் சிவப்பு ஏறியது.

“தவுக்கே!” என்று யாரோ கத்த, தெருவே எண்ணத் தொடங்கியது. “ஆறு! ஏழு! எட்டு!”

“பூ வாங்கிட்டு எண்ணுங்க! வாங்காம எண்ணினா பலிக்காது!” ரஞ்சிதத்தின் வாய் அவரைக் கேட்காமலே வேலைக்குத் திரும்பிவிட்டது.

எதிரே வாழைக்கன்றின்மேல் இருந்த செந்தலை அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மெல்லப் பழுப்பாகத் தொடங்கியது. அதன் கீழே ரத்னவேலின் முகமும்.

ஐந்து முப்பத்தைந்து. ரஞ்சிதம் கைப்பேசியில் நிரப்பிய கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிக் கட்டம் காலியானதும் அவருக்கு வேறு வலி வந்தது.

“டிக்கெட் காசு திரும்பாதே!”

குமரன் பையைத் தோளில் மாட்டியபடி முன்னால் வந்தான். “வீணாக வேணாம்மா. மூணு வருசமா லீவு கேட்டுக்கிட்டிருக்கேன். இதுலயே போயிட்டு வந்துடறேன். பதினஞ்சு நாளு.”

“அஞ்சு.”

“பதினஞ்சும்மா.”

“சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், எட்டு.”

“பதினஞ்சு,” என்றான் குமரன் மூன்றாம் முறையாக, குரலை உயர்த்தாமல். விலையை மாற்றாமலே பேரம் பேசும் மனிதனை ரஞ்சிதம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

முத்துராமன் பூ மடிக்கும் தாளில் கணக்கை எழுதி நீட்டினார்.

திருச்சி டிக்கெட்: ரஞ்சிதம், கட்டியாயிற்று.
திரும்பும் டிக்கெட்: ரஞ்சிதம்.
பதினைந்து நாள் சம்பளம்: ரஞ்சிதம்.
தினம் ஆறு வெட்டுக்கிளி: ரஞ்சிதம், சொந்தக் கையால்.
துப்பறிந்த கூலி: முன்னூறு வெள்ளி.
பொம்மையாக நடித்தது: ஷமீமாவுக்கு ஐம்பது.
குமரனிடம் மன்னிப்பு: ஒன்று.

ரஞ்சிதம் கண்ணாடியை ஏற்றி ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெட்டுக்கிளியில் கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் பணத்தை எண்ணி வைத்தார், திரும்பும் டிக்கெட்டை அங்கேயே நின்று போட்டார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இதுல ஏதாவது குறைச்சுக்கக் கூடாதா?”

“அது ஒரே விலைக்கா,” என்றாள் ஷமீமா, முடியிலிருந்து மரிக்கொழுந்தை உதறியபடி.

டாக்சி வந்து நின்றது. குமரன் பையை ஏற்றினான். ரஞ்சிதம் அவசரமாக உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல மல்லிகைப் பந்தொன்றை வாழை இலையில் சுற்றி எடுத்துவந்து ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தார். “வீட்டுல கொடு. வாடாம தண்ணி தெளிச்சு வச்சுக்க,” என்றார். டாக்சி நகர ஆரம்பித்ததும் தெருவைப் பார்த்துக்கொண்டே, “நான் அந்த டப்பாவைத் திறந்து பாத்திருக்கணும் குமரா,” என்றார். அவன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

“இது மன்னிப்புல சேர்த்தியா?” என்று கேட்டார் முத்துராமன்.

ஷமீமா யோசித்தாள். “பாதி பாஸ்.”

அவர் தாளை வாங்கி, கடைசி வரிக்கு எதிரே எழுதினார்: வரவு அரை. பாக்கி அரை.